உறவுகள், ஆளுமை வளர்ச்சி குறித்து எழுதும் உளவியலாளராக வேண்டும்: சிகிச்சைப் பணி முதலா, எழுத்து முதலா?

வளர்பிறை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். ஆலோசனை உளவியலில் முதுகலைப் படிப்பின் கடைசிப் பருவத்தில் இருக்கிறேன். தம்பதியருக்கும், உறவுச் சிக்கல்களால் அல்லல்படும் தனிமனிதர்களுக்கும் ஆலோசனை வழங்க வேண்டும், அதனுடன் ஆளுமை வளர்ச்சி பற்றியும் உறவுகள் பற்றியும் பொது வாசகர்களுக்கான நூல்களை எழுத வேண்டும் என்பது என் நெடுநாள் விருப்பம். இவ்விரண்டையும் ஒரே வாழ்க்கைப் பணியாக எப்படி இணைப்பது என்பதில்தான் தெளிவு கிடைக்கவில்லை.

முனைவர் பட்டம் முடித்து, உரிமம் பெற்று, நீண்ட காலம் சிகிச்சை அறையில் அமர்ந்த பிறகே மக்களுக்கு எழுதும் தகுதி வரும் என்கிறார்கள் என் பேராசிரியர்கள். உடன் படிப்பவர்களோ, இப்போதே காணொளிகள் வெளியிட்டுப் பின்தொடர்பவர்களைச் சேர்த்துக்கொள், பதிப்பகங்கள் தாமாகத் தேடி வரும் என்கிறார்கள். இருதரப்பிலும் நியாயம் இருப்பதாகவே படுகிறது.

நான் வாசித்த வாழ்க்கை வரலாறுகளும் ஒரே பாதையைக் காட்டவில்லை. ஆல்பர்ட் எல்லிஸ் திருமண, பாலியல் ஆலோசனையில் தொடங்கி, ஒரு கையால் சிகிச்சையும் மறு கையால் எழுத்துமாகக் கடைசிவரை இருந்தவர். ஜான் காட்மன் கணிதத்திலிருந்து உளவியலுக்கு வந்து ஆய்வகத்திலேயே பல்லாண்டுகளைக் கழித்தவர். ஜாய்ஸ் பிரதர்ஸ் 1955ஆம் ஆண்டு ஒரு தொலைக்காட்சி வினாடி வினாவில் குத்துச்சண்டை பற்றிய கேள்விகளுக்கு விடையளித்து 64,000 டாலர் வென்று, அந்தப் புகழின் தொடர்ச்சியாகத் தொலைக்காட்சியிலேயே ஆலோசனை கூறத் தொடங்கியவர். இவர்களில் யாருடைய வழி இன்றைக்கும் பொருந்தும்? முனைவர் பட்டம் இல்லாமல் இத்துறையில் மதிப்புடன் எழுத முடியுமா? ஆலோசனைக்கு வருபவர்களின் கதைகளை நூலில் எந்த அளவுக்குப் பயன்படுத்தலாம்? எழுத்தை நம்பி வாழ முடியுமா? அனுபவம் உள்ளவர்கள் விரிவாகவே சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

---

அகத்திணை எழுதியது:

வளர்பிறை அவர்களுக்கு வணக்கம். தம்பதியர் ஆலோசனையில் நெடுங்காலமாக இருப்பவள் என்ற முறையில் எழுதுகிறேன். உங்கள் பேராசிரியர்கள் சொல்லும் வரிசை சரியானது. அவர்கள் சொல்லும் காரணத்தைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. பட்டமும் உரிமமும் சிகிச்சை அளிக்கும் தகுதியைத் தருகின்றனவே தவிர, எழுதும் தகுதியைத் தருவதில்லை. சிகிச்சை அறையில் கழியும் ஆண்டுகள் உங்களுக்குத் தருவது எழுதுவதற்கான பொருளை. அந்தப் பொருள் கையில் இல்லாதவர்கள் எழுதும் நூல்கள் எல்லாம் ஒன்றையொன்று பார்த்து எழுதியவை போலவே இருப்பதற்கு இதுதான் காரணம்.

உளவியலாளர் கார்ல் ராஜர்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். அவர் 1928ஆம் ஆண்டு அமெரிக்காவின் ராச்செஸ்டர் நகரில் குழந்தைகள் பாதுகாப்பு அமைப்பொன்றில் சேர்ந்து பன்னிரண்டு ஆண்டுகள் பணியாற்றினார். அங்கே, அடங்காத சிறுவன் ஒருவனின் தாயைப் பல முறை சந்தித்து, அந்தப் பையனை அவர் உள்ளூர வெறுத்து ஒதுக்கியதுதான் சிக்கலின் வேர் என்பதை மென்மையாகப் புரியவைக்க முயன்றிருக்கிறார். எந்தப் பயனும் ஏற்படவில்லை. இருவருமாகச் சேர்ந்து முயன்றும் பயனில்லை, இத்துடன் நிறுத்திக்கொள்ளலாம் என்று ராஜர்ஸ் சொல்ல, அவரும் ஒப்புக்கொண்டு எழுந்து வாசல்வரை சென்றுவிட்டுத் திரும்பி, பெரியவர்களுக்கும் இங்கே ஆலோசனை தருவீர்களா என்று கேட்டிருக்கிறார். தருவோம் என்றதும் மீண்டும் வந்து அமர்ந்து, தம் மணவாழ்வின் துயரத்தையும் தோல்வி உணர்வையும் கொட்டித் தீர்த்திருக்கிறார். அதுவரை அவர் சொல்லிவந்த ஒழுங்கான வரலாற்றுக்கும் இதற்கும் தொடர்பே இல்லை. எங்கே வலிக்கிறது, எந்தத் திசையில் போக வேண்டும் என்பது வந்தவருக்குத்தான் தெரியும் என்ற ராஜர்ஸின் அடிப்படைக் கருத்து உருவான இடங்களுள் இதுவும் ஒன்று. பொது வாசகர்களிடையே அவரைப் பரவலாகக் கொண்டுசென்ற நூல் 1961இல் வெளிவந்தபோது அவருக்கு வயது 59. இடைப்பட்ட காலத்தில் அவர் செய்த இன்னொரு வேலையையும் கவனியுங்கள். சிகிச்சை உரையாடல்களை ஒலிப்பதிவு செய்து, 1942இல் ஒருவருடைய அமர்வுகள் முழுவதையும் சொல்லுக்குச் சொல் அச்சிட்டு வெளியிட்டார். தான் என்ன செய்கிறோம் என்பதைப் பிறர் ஆராயும்படி திறந்து வைத்தவர் அவர்.

சூ ஜான்சனின் பாதையும் ஏறத்தாழ இதே வடிவம்தான். இங்கிலாந்தில் தந்தை நடத்திய மதுக்கூடத்தில் மனிதர்களைப் பார்த்து வளர்ந்தவர். கனடாவில் முனைவர் ஆய்வு செய்த காலத்தில் தம்பதியர் அமர்வுகளின் பதிவுகளைத் திரும்பத் திரும்பப் பார்த்து, எந்தத் தருணத்தில் உறவு திசை மாறுகிறது என்று தேடினார். லெஸ்லி கிரீன்பெர்க்குடன் இணைந்து அவர் உருவாக்கிய, உணர்வை மையமாகக் கொண்ட சிகிச்சை முறையின் முதல் ஆய்வு முடிவு 1985இல் வெளிவந்தது. பொது வாசகர்களுக்கான அவருடைய புகழ்பெற்ற நூல் வந்தது 2008இல்.

அறைக்குள் என்ன கற்கிறோம் என்பதற்கு ஒரு காட்சியைச் சொல்கிறேன். இது ஒருவருடைய கதையன்று. பலரிடம் கண்டதைச் சேர்த்துச் சொல்வது. மனைவி பேசும்போது குறுக்கிடாமல் கேட்க வேண்டும், கேட்டதைத் தன் சொற்களில் திரும்பச் சொல்ல வேண்டும் என்று கணவர் எங்கோ படித்துவிட்டு வந்திருக்கிறார். மனைவி சொல்கிறார், அவர் பிசகில்லாமல் திரும்பச் சொல்கிறார். மனைவி மேலும் சொல்கிறார், அதையும் சொல்கிறார். மனைவியின் குரல் தணிவதற்குப் பதிலாக ஏறிக்கொண்டே போகிறது. ஏனென்றால், அவர் தேடுவது தன் வார்த்தைகளை அன்று. அந்த வார்த்தைகள் எதிரில் இருப்பவரை எங்கேயாவது தொட்டதா என்பதை. கணவரின் முகத்திலோ, தேர்வில் சரியாக விடையளித்தவரின் நிம்மதிதான் தெரிகிறது. எந்த நூலிலும் அந்த உத்தி பக்குவமாகவே விளக்கப்பட்டிருக்கும். அது எப்போது கைகொடுக்காது என்பதை அறைக்குள் இருந்தவர்தான் எழுத முடியும்.

உரிமம் பற்றிச் சுருக்கமாக: பல நாடுகளில் உளவியலாளர் என்ற பெயரையோ, அதன் குறிப்பிட்ட பிரிவுகளின் பெயர்களையோ சட்டம் பாதுகாக்கிறது, வாழ்க்கைப் பயிற்சியாளர், எழுத்தாளர் போன்ற பெயர்களுக்கு அந்தக் காப்பு பெரும்பாலும் இல்லை. நீங்கள் பணியாற்றப்போகும் இடத்தின் விதியைப் பார்த்துவிட்டு, அதற்குத் தேவையான பட்டத்தைப் பெறுங்கள். சில இடங்களில் முதுகலையும் மேற்பார்வையில் செய்த பயிற்சியும் போதும். சில இடங்களில் முனைவர் பட்டம் கட்டாயம். எங்கிருந்தாலும், மேற்பார்வையாளர் ஒருவரிடம் உங்கள் அமர்வுகளைக் கொண்டுபோய் வைத்து அலசும் பழக்கத்தை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

---

தரவுநோக்கி எழுதியது:

அகத்திணை அவர்கள் சொல்வதில் பெரும்பகுதியை ஏற்கிறேன். ஆயினும் ஓர் இடத்தில் மாறுபடுகிறேன். சிகிச்சை அனுபவம் மிகுந்தவர்களே தவறான முடிவுகளை மிகுந்த உறுதியுடன் எழுதியிருக்கிறார்கள். நம்மிடம் வருபவர்கள் எல்லாத் தம்பதியரையும் போன்றவர்கள் அல்லர். சிக்கல் முற்றியவர்களே வருகிறார்கள், சரியானவர்கள் நன்றி சொல்கிறார்கள், சரியாகாதவர்கள் சொல்லாமல் நின்றுவிடுகிறார்கள். இந்தச் சல்லடையில் தங்கியதை வைத்து மனித உறவுகளின் பொதுவிதியை எழுதினால் அது எங்கே போய் நிற்கும்?

நீங்கள் குறிப்பிட்ட காட்மன் இந்தச் சிக்கலை எதிர்கொண்ட விதம் கவனிக்கத்தக்கது. முனைவர் பட்டத்தை 1971இல் பெற்றவர். ராபர்ட் லெவன்சனுடன் சேர்ந்து அவர் செய்த ஆய்வுகளில், கணவனும் மனைவியும் எதிரெதிரே அமர்ந்து தங்களுக்குள் தீராமல் இருக்கும் ஒரு பிரச்சினையைப் பதினைந்து நிமிடம் பேசுவார்கள். அந்நேரம் முழுவதும் இதயத் துடிப்பு, தோலின் ஈரக்கசிவு ஆகியவற்றோடு, நாற்காலியில் அவர்கள் எவ்வளவு நெளிகிறார்கள் என்பதுகூட அளக்கப்படும். பின்னர் ஒளிப்பதிவைப் பார்த்து, முகக்குறிப்பு, குரல், சொல் ஆகியவற்றை நொடிக்கு நொடி குறியீடு செய்வார்கள். வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் குடியிருப்பு போலவே அமைந்த ஓர் ஆய்வகத்தில் தம்பதியர் ஒரு நாள் தங்கி வழக்கம்போல் இருக்க, கேமராக்கள் அதைப் பதிவு செய்தன. உறவைக் குலைக்கும் நான்கு நடத்தைகள் என்று இன்று எல்லோரும் ஒப்பிக்கும் பட்டியல், அதாவது குணத்தைக் குறைகூறல், இளக்காரம், தற்காப்பு, சுவர்போல் மௌனமாகிவிடுதல் ஆகியவை, இத்தகைய உழைப்பிலிருந்து வந்தது. மிகப் பரவலாக வாசிக்கப்படும் அவருடைய நூல் 1999இல் வெளியானது.

அதே காட்மன் குழுவினர் 1998இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையில், புதுமணத் தம்பதியரின் சச்சரவுகளைப் பார்த்தபோது, கேட்டதைத் திரும்பச் சொல்லும் உத்தி இயல்பான உரையாடலில் அரிதாகவே காணப்பட்டது என்றும், மகிழ்ச்சியாக நிலைத்த தம்பதியரை அது பிரித்துக்காட்டவில்லை என்றும் எழுதினார்கள். அகத்திணை வருணித்த அந்தக் கணவரின் நிலை இதனால் சற்று விளங்கும். பல்லாண்டுகளாக எண்ணற்ற நூல்கள் அந்த உத்தியைத்தான் முதல் மருந்தாகத் தந்துவந்தன. அக்கட்டுரையையும் வேறு ஆய்வாளர்கள் கடுமையாக மறுத்தார்கள் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

காட்மனையும் அப்படியே நம்பிவிட வேண்டாம். மணமுறிவை 90 விழுக்காட்டுக்கு மேல் துல்லியமாக முன்கணித்தார் என்ற செய்தி நூல்களின் பின்னட்டைகளில் உலவுகிறது. உண்மையில், யார் பிரிந்தார்கள் என்பது தெரிந்த பிறகு, அந்தத் தரவுக்குப் பொருந்தும் சூத்திரத்தைக் கண்டுபிடிப்பது ஒன்று. அந்தச் சூத்திரத்தை முன்பின் தெரியாத புதிய தம்பதியரிடம் பொருத்திச் சொல்வது வேறு. இந்த வேறுபாட்டைக் கவனிக்காவிட்டால் துல்லியம் எவ்வளவு மிகைப்படும் என்பதை ரிச்சர்ட் ஹேமனும் ஏமி ஸ்லெப்பும் 2001இல் காட்டினார்கள். பொதுவாசகருக்கு எழுதுபவர் இந்த வேறுபாட்டைப் புரிந்துகொள்ளும் அளவுக்காவது புள்ளியியல் கற்றிருக்க வேண்டும். முனைவர் பட்டம் தேவையா என்ற கேள்விக்கு என் விடை இதுதான்: பட்டம் இல்லாமலும் எழுதலாம், ஆய்வுக் கட்டுரையின் முறையியல் பகுதியைப் படித்து ஐயுறத் தெரியாமல் எழுதக் கூடாது.

இன்னொன்றையும் சொல்லாமல் விட மனமில்லை. நல்ல அறிவுரை நூலில் ஏறியதும் அதே பயனைத் தரும் என்று நாம் எளிதாக எண்ணிக்கொள்கிறோம். ஜெரால்டு ரோசனும் உடன் பணியாற்றியவர்களும் 1970களில், பாம்புகளைக் கண்டு அஞ்சுபவர்கள் தாமாகவே படித்துப் பயிலும் கையேடு ஒன்றைச் சோதித்தார்கள். படித்தவர்களில் பாதிப் பேர் பயிற்சியை முடித்தார்கள். முடித்தவர்களுக்கு அச்சம் நன்றாகவே குறைந்தது. மீதிப் பேரையும் முடிக்கவைக்க எண்ணி, தமக்குத் தாமே ஒப்பந்தம் செய்து பரிசளித்துக்கொள்ளும் பகுதியை 1977 ஆய்வில் கையேட்டில் சேர்த்தார்கள். படித்துப் பார்த்தால் யாருக்கும் நல்ல யோசனையாகவே தோன்றும். அந்தப் புதிய பதிப்பைப் பெற்றவர்களில் பயிற்சியை முழுமையாக முடித்தவர் ஒருவர்கூட இல்லை. சோதிக்காமல் அச்சிட்டிருந்தால் திருத்திய பதிப்பு என்ற பெருமையோடு விற்பனைக்கு வந்திருக்கும். பிற்காலத்தில் ரோசன், சுய உதவி நூல்களைத் தம் சக உளவியலாளர்களே சோதனையின்றி வெளியிட்டுத் தள்ளுவதைக் கண்டித்து எழுதினார். நூல்வழிச் சிகிச்சை பயனற்றது என்று நான் சொல்லவரவில்லை. மனச்சோர்வுக்கான சில நூல்கள் நூலைப் பெறாத ஒப்பீட்டுக் குழுக்களுடன் முறையாகச் சோதிக்கப்பட்டு, மிதமான சோர்வுள்ளவர்களுக்கு உதவுகின்றன என்று நிறுவப்பட்டிருக்கிறது. உறவுகள் பற்றிய நூல்களில் அவ்வாறு சோதிக்கப்பட்டவை மிகக் குறைவு.

ஆண்களும் பெண்களும் வெவ்வேறு கோள்களிலிருந்து வந்தவர்கள் போன்றவர்கள் என்ற உருவகம் 1990களில் உறவுகள் பற்றிய ஒரு நூல் கோடிக்கணக்கான பிரதிகள் விற்கக் காரணமாயிற்று. ஜேனட் ஹைட் 2005இல் பால் வேறுபாடு குறித்த 46 தொகுப்பாய்வுகளை, அதாவது பல ஆய்வுகளின் முடிவுகளைச் சேர்த்து அலசும் ஆய்வுகளை, ஒருங்கே எடுத்துப் பார்த்து, அளக்கப்பட்ட வேறுபாடுகளில் 78 விழுக்காடு சிறியவை அல்லது இல்லை என்று சொல்லத்தக்கவை என்று எழுதினார். அந்தக் கட்டுரையை எத்தனை பேர் படித்திருப்பார்கள்?

---

ஒற்றெழுத்து எழுதியது:

நான் பதிப்பாசிரியர். உளவியல் நூல்களின் கையெழுத்துப் பிரதிகள் என் மேசைக்கு வருவது வழக்கம். முன்னவர்கள் இருவரும் தொடாத இரண்டு செய்திகளைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்: ஆலோசனைக்கு வருபவர்களின் கதைகள், பிறகு பணம்.

அமெரிக்க உளவியல் சங்கத்தின் அறநெறி விதிகள் இதில் தெளிவாக உள்ளன. ஒருவரை அடையாளம் காட்டக்கூடிய ரகசியத் தகவலை நூலிலோ மேடையிலோ வெளியிட வேண்டுமானால், அவர் எழுத்துவழி இசைவு தந்திருக்க வேண்டும், அல்லது அவர் யார் என்று தெரியாதபடி நியாயமான முறையில் மறைத்திருக்க வேண்டும், அல்லது சட்டம் அனுமதித்திருக்க வேண்டும். பிற நாடுகளின் விதிகளும் பெரும்பாலும் இதையொட்டியவையே. ஆனால், மறைத்தல் என்பதைப் புதிய எழுத்தாளர்கள் பெயரை மாற்றுவது என்று புரிந்துகொள்கிறார்கள். பெயரையும் ஊரையும் மாற்றிவிட்டு, மூத்த மகளின் நோய், மாமனாரோடு நடந்த சொத்துத் தகராறு, ஒரு குறிப்பிட்ட நாளில் அனுப்பப்பட்ட குறுஞ்செய்தி ஆகிய மூன்றையும் அப்படியே வைத்திருந்த ஒரு பிரதியை நான் திருப்பி அனுப்பியிருக்கிறேன். உலகில் வேறு யாருக்கும் தெரியாவிட்டாலும், அந்தப் பெண்மணிக்கும் அவருடைய கணவருக்கும் முதல் பத்தியிலேயே தெரிந்துவிடும். தம்பதியர் ஆலோசனையில் கூடுதல் சிக்கல் ஒன்றுண்டு. இசைவு தர வேண்டியவர்கள் இருவர்; அவர்கள் பிரிந்த பிறகு ஒருவர் இசைந்து மற்றவர் மறுக்கலாம். இன்னும் ஆலோசனை பெற்றுக்கொண்டிருப்பவரிடம் இசைவு கேட்பதும் நேர்மையான வழி ஆகாது. உங்களிடம் உதவி தேடி வந்தவர் மறுக்கத் தயங்குவார்.

ஆகவே பலருடைய அனுபவங்களைக் கலந்து ஒரு பாத்திரத்தை உருவாக்குவதே வழக்கமான வழி. அதை முன்னுரையில் சொல்லிவிடவும் வேண்டும். அதிலும் ஒரு கண்ணி இருக்கிறது. கலந்து செய்த பாத்திரம் எழுத்தாளர் சொல்ல விரும்பும் கருத்துக்கு அளவெடுத்துத் தைத்தது போல் பொருந்திவிடும். மூன்றாம் அத்தியாயத்தில் அழுதுகொண்டே வந்தவர் நான்காம் அத்தியாயத்தில் பயிற்சியைச் செய்து ஐந்தாம் அத்தியாயத்தில் புன்னகையோடு விடைபெறுவார். இப்படிப்பட்ட கதைகளைக் கண்டால், பாதியில் நின்றுபோனவர் ஒருவரைப் பற்றியும் எழுதுங்கள் என்று எழுத்தாளரிடம் கேட்பேன். மறுக்காமல் எழுதித் தந்தவர்களின் நூல்கள்தாம் நன்றாக வந்திருக்கின்றன.

இதையொட்டி நான் விடாப்பிடியாகக் கேட்கும் மற்றொன்று: இந்த நூல் யாருக்குப் பொருந்தாது என்பதைத் தொடக்கத்திலேயே சொல்ல வேண்டும். சச்சரவில் இருவருக்கும் பங்குண்டு, முதலில் நீங்கள் மாறிப் பாருங்கள் என்பது பல இல்லங்களில் நல்ல அறிவுரை. அடி, உதை, மிரட்டல், பணத்தை முடக்கிக் கட்டுப்படுத்தல் ஆகியவை நடக்கும் வீட்டில் அதே வரிகளை ஒரு பெண் படித்தால், தவறு தன்னுடையது என்று எண்ணி ஆபத்திலேயே தங்கிவிடக்கூடும். கடும் வன்முறை உள்ள உறவில் இருவரையும் ஒருங்கே அமர்த்தி ஆலோசனை தருவதையே துறையினர் தவிர்க்கிறார்கள். அறையில் எதிரே இருப்பவரை நீங்கள் பார்த்துக் கேள்வி கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். நூலை யார் கையில் எடுக்கிறார்கள் என்பது உங்களுக்குத் தெரியாது.

பணத்தைப் பொறுத்தவரை, நூல் விற்பனையை மட்டும் நம்பி வாழும் உளவியல் எழுத்தாளர்கள் விரல்விட்டு எண்ணத்தக்கவர்கள். மற்றவர்களுக்கு வருமானம் ஆலோசனைக் கட்டணத்திலிருந்தும், சக ஆலோசகர்களுக்கு நடத்தும் பயிற்சிகளிலிருந்தும், கற்பித்தலிலிருந்தும், உரைகளிலிருந்தும் வருகிறது. நூல் அவற்றுக்கு ஆட்களை அழைத்து வரும். காட்மன் தம் மனைவி ஜூலியுடன் நிறுவிய நிறுவனமும், ஜான்சன் தோற்றுவித்த பயிற்சி மையமும் உலகெங்கும் ஆலோசகர்களுக்குப் பயிற்சி தருவதை நினைவில் கொள்ளுங்கள். நிராகரிப்புக்கும் மனத்தைத் தயார்ப்படுத்திக்கொள்ளுங்கள். மெனிங்கர் மருத்துவமனையில் பணியாற்றிய ஹேரியட் லெர்னர், பெண்களின் கோபத்தைப் பற்றி எழுதிய நூலைப் பல பதிப்பகங்கள் ஏற்க மறுத்தன. 1985இல் அது வெளியான பிறகு பல இலட்சம் பிரதிகள் விற்றது.

---

கலங்கரை எழுதியது:

மூவரும் சொன்னதைக் கேட்டால் வளர்பிறை இன்னும் இருபது ஆண்டுகள் பேனாவைத் தொடக் கூடாது போலிருக்கிறது! அப்படிக் காத்திருக்க வேண்டியதில்லை என்பது என் எண்ணம். எழுத்தும் ஒரு தேர்ச்சிதான். ஐம்பது வயதில் திடீரென்று கைவந்துவிடாது. எல்லிஸ் முறையான நூல்களுக்காகக் காத்திருக்கவில்லை. நியூயார்க்கில் பல்லாண்டுகள் வெள்ளிக்கிழமை மாலைகளில் பொதுமக்கள் முன்னிலையில், முன்வந்தவர்களோடு மேடையிலேயே உரையாடிக் காட்டினார். எப்படிச் சொன்னால் ஒரு சாதாரண மனிதருக்குச் சட்டென்று பிடிபடுகிறது என்பதை அங்கேயே பார்த்துத் திருத்திக்கொண்டார். அவர் எழுதியவற்றின் எளிய நடை அப்படித்தான் வாய்த்தது.

ஜார்ஜ் மில்லர் 1969ஆம் ஆண்டு அமெரிக்க உளவியல் சங்கத்தின் தலைமையுரையில், உளவியலைத் துறைக்குள் பூட்டி வைக்காமல் மக்களிடமே கொடுத்துவிட வேண்டும் என்று வாதிட்டார். அதைச் செய்ய முன்வருபவர்களை நாமே தடுத்துக்கொண்டிருந்தால், அந்த இடத்தை நிரப்ப எதையும் படிக்காதவர்கள் வரிசையில் நிற்கிறார்கள். பிரதர்ஸைச் சக உளவியலாளர்கள் கடுமையாகச் சாடினார்கள். ஆனால், வெளியே பேசத் தயங்கிய விஷயங்களை முதன்முறையாக ஒரு பெண் உளவியலாளர் வாய்வழி கேட்டவர்கள் எத்தனையோ பேர்.

இப்போது எதை எழுதலாம் என்பதில் மட்டும் கட்டுப்பாடு வேண்டும். உங்களுக்குச் சிகிச்சை அனுபவம் இல்லை. ஆகவே உறவை மீட்க ஏழு வழிகள் என்று எழுதாதீர்கள். ஓர் ஆய்வை எடுத்து, அதில் யாரை எப்படிச் சோதித்தார்கள், என்ன கிடைத்தது, எது கிடைக்கவில்லை என்று எளிய தமிழில் எழுதுங்கள். தரவுநோக்கி அவர்கள் மேலே பாம்பு அச்சக் கையேட்டைப் பற்றி எழுதியது போல ஒரு பத்தி எழுதுவதற்கு உரிமம் தேவையில்லை. முதுகலை மாணவர் என்றே உங்களை அறிமுகப்படுத்திக்கொள்ளுங்கள்.

---

வளர்பிறை எழுதியது:

அனைவருக்கும் மிக்க நன்றி. நான் எதிர்பார்த்ததைவிட விரிவான விடைகள் கிடைத்தன. கலங்கரை அவர்கள் சொன்னபடி ஆய்வுகளை விளக்கி எழுதத் தொடங்கலாம் என்றே தோன்றுகிறது. இதில் ஓர் ஐயம். என் சிறிய பக்கத்தில் ஒரு கட்டுரை வெளியிட்டதும், முன்பின் தெரியாதவர்கள் தங்கள் மணவாழ்க்கைச் சிக்கலை நீண்ட செய்தியாக அனுப்பி, என்ன செய்யலாம் என்று கேட்கிறார்கள். சிலருடைய செய்திகள் படிக்கவே பதற்றம் தருகின்றன. விடையளிக்காமல் விடுவது இரக்கமின்மையாகப் படுகிறது. அளித்தால் எங்கே நிறுத்துவது என்று தெரியவில்லை.

---

அகத்திணை எழுதியது:

நல்ல கேள்வி, நூல் எழுதுபவர்களுக்கு வாழ்நாள் முழுவதும் இருக்கும் கேள்வியும்கூட. நான் பின்பற்றும் முறையைச் சொல்கிறேன். ஊடகத்தில் கருத்துச் சொல்லும் உளவியலாளர், கேட்பவரோடு சிகிச்சை உறவு ஏற்பட்டுவிட்டதாகத் தோன்றும்படி நடந்துகொள்ளக் கூடாது என்பதும் ஒற்றெழுத்து அவர்கள் குறிப்பிட்ட அதே அறநெறி விதிகளில் உண்டு. மாணவருக்கும் அதையே அளவுகோலாகக் கொள்ளலாம். செய்தி அனுப்பியவருக்குப் பதில் எழுதுங்கள். படித்தேன், இது சிறிய விஷயம் அன்று, நேரில் ஒருவரிடம் பேச வேண்டியது என்று எழுதுங்கள். அவர் இருக்கும் இடத்தில் தகுதியுள்ள ஆலோசகரை எப்படித் தேடுவது என்று வழிகாட்டுங்கள். கணவர் ஏன் அப்படி நடந்துகொள்கிறார் என்று விளக்கப் புகாதீர்கள். ஒருதரப்புக் கடிதத்தை வைத்து, பார்த்திராத இன்னொருவரின் மனத்தைப் பற்றி நீங்கள் எழுதும் ஒரு வரி, அன்று இரவே அந்த வீட்டில் சண்டையின் நடுவே எடுத்துக்காட்டப்படும். ஓர் உளவியலாளரே சொல்லிவிட்டார் என்ற அடைமொழியோடு.

உயிருக்கு ஆபத்து, தற்கொலை எண்ணம், குழந்தைக்குத் துன்புறுத்தல் ஆகியவை செய்தியில் தெரிந்தால் தாமதிக்காமல் அவசர உதவி எண்களைக் கொடுங்கள். பிறகு உங்கள் மேற்பார்வையாளரிடமோ பேராசிரியரிடமோ அன்றைக்கே சொல்லுங்கள். இத்தகைய செய்திகளைத் தனியாகச் சுமந்துகொண்டு உறங்கப்போவதை இந்தத் தொழிலில் யாரும் உங்களிடம் எதிர்பார்க்கவில்லை. பக்கத்தின் முகப்பிலேயே, தனிப்பட்ட ஆலோசனை இங்கே தரப்படாது, இன்னின்ன உதவி எண்கள் உள்ளன என்று எழுதி வைத்துவிட்டால் பாதிச் செய்திகள் வராது.

அந்தச் செய்திகளில் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை மட்டும், அனுப்பியவர் பற்றிய எதுவும் இல்லாமல், ஒரு குறிப்பேட்டில் எழுதிக்கொண்டே வாருங்கள். மக்கள் எதைக் கேட்கிறார்கள் என்பது பதிப்பகத்துக்கும் தெரியாது, பல்கலைக்கழகத்துக்கும் தெரியாது. முனைவர் பட்ட ஆய்வுக்குத் தலைப்புத் தேடும்போது அந்தக் குறிப்பேட்டைத்தான் முதலில் புரட்டுவீர்கள்.